ஓய்வுக்குப் பின் ஒரு பழைய சொகுசு ஹைபிரிட்: எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: வரும் மே மாதம் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். மதுரையில் சொந்த வீடு. மகள் பெங்களூரில். ஆண்டுக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓட்டுவோம்: ஊருக்குள் கொஞ்சம், பெங்களூருக்கு நாலைந்து முறை, கொடைக்கானலுக்கு ஒன்றிரண்டு முறை. மனைவிக்கு முழங்கால் தேய்மானம். இத்தனை வருடம் சின்ன கார்தான். இனி ஒரு நல்ல, சத்தமில்லாத, சொகுசான ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள) கார் வாங்கலாம் என்று ஆசை. எல்லாம் சேர்த்து 26 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன், கடன் வாங்க மாட்டேன். மூன்று கார் பார்த்து வைத்திருக்கிறேன். 2019 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், 68,000 கி.மீ., கர்நாடகப் பதிவு, ஒரு கம்பெனி பெயரில் இருக்கிறது, 22.5 லட்சம். 2018 லெக்ஸஸ் இஎஸ் 300எச், 54,000 கி.மீ., டெல்லிப் பதிவு, 29 லட்சம், பேசினால் குறைப்பார்களாம். 2017 ஹோண்டா அக்கார்டு ஹைபிரிட், 61,000 கி.மீ., தமிழ்நாட்டுப் பதிவு, 13 லட்சம். பேட்டரி போனால் பணமெல்லாம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம் ஐயா. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் கேம்ரிதான் உங்களுக்குப் பொருத்தம். ஆனால் 22.5 லட்சத்துக்கு இல்லை. அதோடு, உங்கள் மனைவி அதில் ஏறி இறங்கிப் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் மிச்சத்துக்காக இந்தக் காரை வாங்குவதாக மனதில் ஒரு மூலையில் எண்ணம் இருந்தால், கணக்கு இப்படித்தான் வரும். 8,000 கி.மீ. ஓட்டத்துக்குக் கேம்ரி ஹைபிரிட் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 500 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 50,500 ரூபாய். அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் 80,800. ஆண்டுக்கு மிச்சம் 30,300 ரூபாய், எட்டு வருடத்தில் சுமார் 2.4 லட்சம். ஒரே ஒரு பெரிய ரிப்பேர் இதைத் தின்றுவிடும். நிசப்தம், கியர் மாறுவதே தெரியாத ஓட்டம், சிக்னலில் எஞ்சின் அணைந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, இவைதான் ஹைபிரிட்டை வாங்குவதற்கான காரணங்கள். வயதான காலத்தில் அவற்றுக்கு மதிப்பு உண்டு, தாராளமாகக் கொடுக்கலாம். சிக்கனம் என்ற பெயரில் மட்டும் கொடுக்க வேண்டாம்.

அக்கார்டு 13 லட்சம் என்றதும் ஆசை வருவது இயல்பு. நல்ல கார்தான், 2 லிட்டர் எஞ்சின், இரண்டு மோட்டார், லித்தியம் அயன் பேட்டரி என்று அன்றைக்கு நுட்பத்தில் முன்னால் நின்றது. ஆனால் 2016 அக்டோபரில் 37 லட்சம் ஷோரூம் விலையில் வந்தபோது தாய்லாந்திலிருந்து முழுதாக இறக்குமதி ஆனது. இங்கே விற்ற எண்ணிக்கை மிகக் குறைவு. சில வருடத்தில் நிறுத்தியும் விட்டார்கள். விலை இவ்வளவு இறங்கியிருப்பதற்கு அதுதான் காரணம். ஒரு ஹெட்லைட்டோ, பிரேக் சர்வோவோ, பேட்டரியோ தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார் ஓய்வுக்காலத்துக்கு ஆகாது. விட்டுவிடுங்கள்.

லெக்ஸஸை விடச் சொல்வது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் மூன்றில் உட்கார்ந்து போக மிகச் சுகமானது அது. 2018 ஜூலைக்குப் பின் வந்த இஎஸ் 300எச்சும் 2019 கேம்ரியும் உள்ளுக்குள் ஒரே எஞ்சின், ஒரே வகை ஹைபிரிட் அமைப்பு. இரண்டுக்கும் 218 குதிரைத்திறன். லெக்ஸஸில் கூடுதலாகக் கிடைப்பது சத்தத் தடுப்பு, இருக்கை வேலைப்பாடு, பின்சீட் இடம். ஆனால் பெங்களூர் பக்கம் பிடதியில் இஎஸ் காரைப் பொருத்தத் தொடங்கியது 2020-ல். 2018 கார் முழு இறக்குமதி. பம்பர், கண்ணாடி, லைட் எல்லாம் அந்த விலைதான். சர்வீஸுக்குச் சென்னை போன்ற பெரிய ஊருக்குப் போக வேண்டும். மதுரையிலிருந்து சென்னை போய்வர 900 கி.மீ. விலையும் உங்கள் தொகையைத் தாண்டுகிறது. டெல்லிப் பதிவு வேறு. சென்னையில் வசிப்பவர் 35 லட்சத்தோடு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் லெக்ஸஸை எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி கேம்ரிக்கு வருவோம். இந்தத் தலைமுறை 2019 ஜனவரியில் 36.95 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. பிடதியில் பொருத்தியது, டொயோட்டா சர்வீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒன்பது ஏர்பேக். எஞ்சினைச் சுற்றி ஓடும் பெல்ட் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஏசி கம்ப்ரசரும் வாட்டர் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுகின்றன. கியர்பாக்ஸில் கிளட்சும் இல்லை, வழுக்கிச் செல்லும் சிவிடி பெல்ட்டும் இல்லை. ஒரு பிளானட்டரி கியர் தொகுப்பும் இரண்டு மோட்டாரும்தான். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் பழுதாகும் பாதிச் சாமான் இதில் இல்லவே இல்லை. அதனால்தான் இந்த அமைப்பைப் பழைய காராக வாங்க நம்பிச் சொல்ல முடிகிறது.

நண்பர்கள் சொல்லும் பேட்டரிப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கேம்ரியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 34 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 6 செல், மொத்தம் 204 செல், சுமார் 245 வோல்ட். கம்ப்யூட்டர் அதை முழுதாக நிரப்புவதும் இல்லை, முழுதாகக் காலி செய்வதும் இல்லை. நடுவில் ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் கிலோமீட்டர் ஓட ஓடத் தேய்வதைவிட, வெப்பமும் வயதும்தான் அதைக் கொல்கின்றன. ஒரே ஒரு மாட்யூல் மற்றவற்றைவிடப் பலவீனமானால் போதும், மொத்த பேட்டரியும் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீட்டைப் போட்டு எச்சரிக்கை விளக்கை எரிய விடும்.

வெப்பம் ஏறுவதற்கு முக்கியக் காரணம் மிகச் சின்ன விஷயம். பேட்டரியைக் குளிர்விக்க ஒரு ஃபேன் காருக்குள் இருக்கும் ஏசி காற்றை இழுக்கிறது. அதன் வாய் பின்சீட் அருகே சல்லடை போட்ட துவாரமாக இருக்கும். அதில் தூசியும், சீட் கவர் நூலும், நாய் முடியும் அடைத்துக்கொண்டால் காற்று போகாது. சிலர் அழகுக்காகத் தைத்த சீட் கவர் அந்தத் துவாரத்தையே மூடியிருக்கும். கார் பார்க்கப் போகும்போது முதல் வேலையாக அந்தச் சல்லடையைப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால், அந்தப் பேட்டரி எத்தனை கோடைகாலம் மூச்சுத் திணறியிருக்கும் என்று யோசித்து விலை பேசுங்கள்.

வாரண்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, விற்பவர்கள் இதை மழுப்புவார்கள். இந்தியாவில் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி கொடுக்கத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ.தான். உங்கள் 2019 காரை “எட்டு வருட பேட்டரி வாரண்டி இருக்கு சார்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து டொயோட்டா சர்வீஸில் எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே 2021 கடைசியிலோ 2022-லோ பதிவான கேம்ரி ஒன்று தமிழ்நாட்டுப் பதிவோடு 25 லட்சத்துக்குள் அகப்பட்டால் அதைப் பிடியுங்கள். 2022 ஜனவரிக்குப் பின் வந்ததில் தொடுதிரையும் பெரிதாக, தெளிவாக இருக்கும். அவசரம் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் தேடலாம்.

பேட்டரியைச் சோதிக்க இரண்டு வழி. ஸ்கேனர் இல்லாமல் செய்வது: எஞ்சின் சூடான பிறகு காரை நிறுத்தி, கியரை பார்க்கில் (P) வைத்து, கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிய, ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். எஞ்சின் தானாக அணையும். திரையில் பேட்டரிக் கோடுகள் மெல்ல இறங்கும். ஒரு கட்டத்தில் எஞ்சின் மறுபடி எழுந்து சார்ஜ் செய்யும். நல்ல பேட்டரி ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் எழுந்து எழுந்து அணைந்தாலோ, கோடுகள் திடீரென்று நாலைந்து ஒரேயடியாக விழுந்தாலோ, ஓட்டாமலே பின்சீட் ஃபேன் இரைந்தாலோ அந்தக் காரை விட்டு இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டியரிங் அடியில் உள்ள, காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, போனில் டாக்டர் பிரியஸ் போன்ற செயலியில் பார்ப்பது. 34 மாட்யூலும் இரண்டிரண்டாக 17 தொகுதியாகத் தெரியும். ஓட்டும்போது, குறிப்பாக நன்றாக மிதித்து வேகமெடுக்கும்போது, அதிக வோல்ட் தொகுதிக்கும் குறைந்த வோல்ட் தொகுதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 0.3, 0.4 வோல்டுக்குள் இருந்தால் திருப்தி. ஒரு வோல்டை நெருங்கினால் வேண்டாம். எப்போதும் ஒரே எண் தொகுதிதான் கீழே விழுகிறது என்றால் அது சாகத் தொடங்கிவிட்டது. பழுதான மாட்யூலை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று வெளிக் கடைகள் சொல்லும். புது மாட்யூலும் பழையவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சில மாதத்தில் அடுத்தது விழும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிற உங்களுக்கு அது சரிவராது. சோதனைக்கு முன் பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு காட்டுவதும் நடக்கும். அழித்த பின் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும், அதையும் கேட்டுப் பாருங்கள். முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

எல்லோரும் பேட்டரியையே பேசுகிறார்கள். பழைய டொயோட்டா ஹைபிரிட்டில் நான் அதைவிடக் கவனமாகப் பார்க்கச் சொல்வது பிரேக்கை. இதில் பிரேக் மிதியை மிதித்தால், முதலில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். மீதியை மட்டும் பிரேக் பேட் செய்யும். இந்தப் பங்கீட்டைச் செய்வது பிரேக் ஆக்சுவேட்டர் என்ற பெட்டி. அதற்குள் ஒரு மின் பம்ப், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர், பல வால்வுகள். வருடம் ஆக ஆக உள்ளே அழுத்தம் கசியத் தொடங்கும். அப்போது பம்ப் அடிக்கடி ஓடும். டிரைவர் கதவைத் திறந்ததும் சில நொடி ‘விர்ர்’ என்று ஒரு சத்தம் வருவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ரெடியில் நின்றிருக்கும்போது, பிரேக்கைத் தொடாமலே அரை நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் சத்தம் வந்துகொண்டே இருந்தால் உள்கசிவு. சி1391, சி1256 என்ற குறியீடுகள் இதற்கு உரியவை. ஆக்சுவேட்டரை முழுதாகத்தான் மாற்ற வேண்டும், செலவு லட்சத்தில். ஏசியையும் பாட்டையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, மூன்று நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கேட்டாலே தெரிந்துவிடும். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும், ஈரம் அந்த வால்வுகளை அரிக்கும். சர்வீஸ் ரசீதில் பிரேக் ஆயில் மாற்றிய வரி ஒன்றுகூட இல்லாத கார் என்றால், மற்றது எல்லாம் பளபளப்பாக இருந்தாலும் என் மதிப்பில் அது இரண்டாம் தரம்தான்.

அடுத்தது கூலன்ட். பானெட்டுக்குள் இரண்டு தனித்தனி கூலன்ட் டப்பா இருக்கும்: ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டருக்கு. இரண்டிலும் இளஞ்சிவப்பு நிற டொயோட்டா கூலன்ட் இருக்க வேண்டும். பச்சையாகவோ, கலங்கியோ, துரு நிறத்திலோ இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரோ வேறு கூலன்டோ ஊற்றியிருக்கிறார்கள். இன்வர்ட்டர் டப்பாவில் மட்டம் குறைவாக இருப்பதும் கெட்ட அறிகுறி. அந்தப் பம்ப் நின்று இன்வர்ட்டர் சூடேறினால் பி0ஏ93 குறியீடு வரும், கார் நடுவழியில் நின்றுவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பார்ப்பது ஹைபிரிட்டில் இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் உயர் மின்னழுத்தப் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. பெங்களூரிலும் மழைக்கு மூழ்கும் பகுதிகள் உண்டு. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்பேர் வீல் குழியையும், சீட் தண்டவாளத்து போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தடித்த ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம். அவற்றைத் தொடவே கூடாது, இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். பி0ஏஏ6 என்ற குறியீடு பதிவாகியிருந்தால் எங்கோ மின் காப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிதான், ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யப் போவது அதுதான் என்று நினைக்கிறேன். கேம்ரி உயரம் 1,455 மி.மீ., லெக்ஸஸ் 1,445. இரண்டும் தாழ்ந்த கார்கள். உட்காரும்போது கீழே இறங்கி, எழும்போது முழங்காலை ஊன்றி ஏற வேண்டும். ஒரு இன்ச் டேப் எடுத்துப் போங்கள். வீட்டில் மனைவி வலியில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். காரில் சீட்டின் ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று, சீட்டை முழுதாக உயர்த்திவிட்டு அளங்கள். இரண்டுக்கும் நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் பழகிக்கொள்ளலாம். பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு பயணமும் அவருக்குத் தண்டனை. முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பும் முறையைச் சொல்லிக் கொடுத்து, முன்சீட்டிலும் பின்சீட்டிலும் ஐந்தைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை யாருக்கும் சுலபம்தான், நாலாவது முறைதான் உண்மை தெரியும். வலி இருந்தால் தயங்காமல் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டைப் பாருங்கள். 2022 கடைசியில் அறிமுகமானது, 2 லிட்டர் எஞ்சின், 184 குதிரைத்திறன், இதே வகை பேட்டரி, 8 ஆண்டு பேட்டரி வாரண்டிக் காலத்தில் வந்த கார். கேம்ரியின் நிசப்தம் அதில் கிடைக்காது, நெடுஞ்சாலையில் ஏறிப் போகும்போது எஞ்சின் இரைச்சல் கேட்கும். ஆனால் சீட்டு உயரம், இறங்காமல் நேராக உட்காரலாம். சொகுசு என்பது உட்காருபவரின் உடம்பைப் பொறுத்தது.

ஷோரூமில் மைல்டு ஹைபிரிட் என்று சொல்லி ஜெர்மன் கார்களைக் காட்டினால் குழப்பிக்கொள்ளாதீர்கள். 48 வோல்ட் அமைப்பு எஞ்சினுக்குச் சின்ன உதவி செய்யும், அவ்வளவுதான்; ஊருக்குள் மின்சாரத்திலேயே நகராது. வோல்வோ எக்ஸ்சி90 டி8 போன்ற பிளக்-இன் கார்களை வீட்டில் சார்ஜ் போட வேண்டும், பேட்டரி பெரிது, செலவும் பெரிது.

பெங்களூரில் அந்தக் கேம்ரியைப் பார்க்கப் போகும்போது, முந்தைய இரவிலிருந்து எடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் சோதனை. முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையோ தடதடப்போ இருக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நெரிசலிலும், 90 வேகத்திலும், முடிந்தால் நந்தி மலை ஏற்றத்திலும். இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மோட்டார் பிரேக் குறையும், எஞ்சின் இரைந்து பிடித்துக்கொள்ளும். அது பழுது இல்லை. கொடைக்கானலில் இறங்கும்போதும் இது நடக்கும். கியர் லீவரில் எஸ் (S) அல்லது பி (B) நிலை, எது இருக்கிறதோ அதில் இறங்குங்கள். பிறகு அதே காரை அங்கேயே டொயோட்டா சர்வீஸில் விட்டு, ஹைபிரிட் சோதனையும் ஸ்கேன் அறிக்கையும் பணம் கட்டி வாங்குங்கள். சேசிஸ் எண்ணை வைத்து முழு சர்வீஸ் சரித்திரத்தையும், நிலுவையில் ரீகால் வேலை (குறை கண்டு நிறுவனமே அழைத்துச் சரிசெய்வது) இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஓடோமீட்டர் திருத்தம் இதில்தான் பிடிபடும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 235/45 ஆர்18 அளவு, நாலும் மாற்ற அரை லட்சம் தாண்டும். தொழிற்சாலையில் போட்ட டயரே இன்னும் ஓடினால் அதை விலையில் கழியுங்கள். பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் என்பதால் குழியில் இறங்கி ரிம் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், ஓனர் கையேட்டிலும் பெட்ரோல் மூடியிலும் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விலை. 22.5 லட்சம் என்பது கர்நாடகப் பதிவோடு. தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். காரின் அசல் விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள், 37 லட்சம் காருக்கு அது லட்சங்களில் வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மதுரை ஆர்டிஓவில் ஆர்சி நகலைக் காட்டித் தொகையைக் கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பணம் வர நாளாகும், அதனால் அதை நம்பி விலை பேச வேண்டாம். பேட்டரி வாரண்டியும் இல்லாத இந்தக் காருக்கு, எல்லாச் சோதனையும் தேறினால், 19.5 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறி, இந்த வகைப் புதிய கார்களுக்கு 43 சதவீதமாக இருந்த மொத்த வரி 40 ஆனது. பழைய கார் விலை பேசும்போது அதையும் சொல்லலாம். உங்கள் 26 லட்சத்தில் 3 லட்சத்தைத் தனியாக வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். பேட்டரிக்கோ பிரேக் ஆக்சுவேட்டருக்கோ என்று எடுக்கும் நாள் வரை அதைத் தொடக் கூடாது. அந்த 3 லட்சம் ஒதுக்க முடியாத விலை என்றால் அந்தக் கார் உங்கள் கைக்கு மிஞ்சியது.

கம்பெனி பெயரில் உள்ள கார் என்பதால், விற்க அதிகாரம் பெற்றவர் யார் என்பதற்கு லெட்டர்ஹெட்டில் கடிதமும், விலைப்பட்டியலும் வாங்குங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும். வேறு மாநிலம் என்பதால் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இங்கே மறுபதிவுக்குப் படிவம் 27. எம்பரிவாகன் செயலியில் அபராத நிலுவையைப் பார்த்துவிடுங்கள். முழுத் தொகையும் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் 26ஏஎஸ் என்ற வருமான வரிக் கணக்கில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். பழைய உரிமையாளரின் நோ கிளெயிம் போனஸ் உங்களுக்கு வராது. உங்கள் பழைய காரை விற்றால் அதில் சேர்ந்த போனஸை மாற்றிக்கொள்ளலாம், அதற்கான கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தண்ணீர் புகுந்து ஏற்படும் சேதத்துக்கான கூடுதல் காப்பு ஹைபிரிட் பேட்டரியையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்கிய பிறகு, ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டும் வீட்டில் இந்தக் காருக்கு வரும் முதல் தொந்தரவு பெரிய பேட்டரியால் வராது. டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கும். கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். அது இறங்கினால் பெரிய பேட்டரி முழுதாக இருந்தும் ரெடி விளக்கு எரியாது. உள்ளேயே இருப்பதால் வாயு வெளியேறக் குழாய் வைத்த ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரியை மாட்டிவிடுகிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். ஜம்ப் கொடுக்கும் முனை பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது, அதை இப்போதே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் காரிலிருந்து வேறு வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அதில் நாலைந்து தடவை நன்றாக அழுத்திப் பிரேக் போடுங்கள். மோட்டாரே பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின் இறுகிவிடும். வருடாந்தர சர்வீஸில் அந்தப் பின்களுக்குக் கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும். ஓட்ட முடியாத வாரத்தில் ரெடியில் போட்டு அரை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். கியர் பார்க்கில் (P) இருக்கட்டும். நியூட்ரலில் (N) இருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது. மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள் என்றால் சாவியைக் காரிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே ரிமோட் இருந்தால் காரும் அதுவும் பேசிக்கொண்டே 12 வோல்ட்டைத் தின்னும். எஞ்சின் ஆயில் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20, சுமார் நாலரை லிட்டர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பின்சீட் சல்லடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாக்கம் கிளீனரால் உறிஞ்சுங்கள், சீட் கவர் தைக்கக் கொடுக்கும்போது அந்தத் துவாரத்தை விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.